மகள் தாதியாகச் சீமைக்குப் போகிறாளா? எந்தச் செக்ரோலில் பெயர் என்று கேளுங்கள்!

செக்ரோல் என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. விடியற்காலை பிரட்டுக்கு நின்று, பேர் கூப்பிட்டு, அந்தப் புத்தகத்தில் ஒரு கோடு விழுந்தால்தான் அன்றைய நாள் உங்களுடைய நாள். கோடு விழாவிட்டால், எத்தனை மரம் சீவியிருந்தாலும் அது இனாமாகச் சீவியதுதான். வெளிநாட்டுக்குத் தாதி வேலைக்குப் போக நினைக்கும் உங்கள் மகளுக்கும் அதே கணக்குத்தான். போகிற நாட்டில் ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் அவள் பெயர் ஏறுமா, எந்தப் பகுதியில் ஏறும், எப்போது ஏறும் என்பதைப் பொறுத்தே அங்கே அவளுடைய வேலையும் சம்பளமும் மரியாதையும் அமையும்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் மருந்து வாசனையோடு வெள்ளைச் சட்டை போட்டு நடந்தவர் டிரஸ்ஸர் ஒருவர்தான். இன்று லயத்து வீட்டில் பிறந்த பெண், தாதிப் பயிற்சியை முடித்துவிட்டுப் பட்டணத்து மருத்துவமனையில் ‘மிஸ்ஸி’ என்று அழைக்கப்படுகிறாள். இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்ததும் கைத்தொலைபேசியில் விளம்பரம் வருகிறது. லண்டனில் வேலை, மாதம் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் சம்பளம், விசா உடனே என்று ஆசை காட்டுகிறது. அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து பேசுகிறார்கள். குளிர் தாங்குமா, தங்க இடம் தருவார்களா, அரிசி கிடைக்குமா, கூட யாராவது நம்மவர்கள் இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் பதிவேட்டைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. அதைக் கேட்காததால் நம் நாட்டுப் பெண்கள் பட்ட பாடு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல.

இரண்டு கதவுகள்

பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. ஏழையானாலும் பணக்காரரானாலும் கையில் காசு வாங்காமல் வைத்தியம் என்றார்கள். நோயாளிகள் பெருகினார்கள், கவனிக்க ஆள் போதவில்லை. அயர்லாந்து, மேற்கிந்தியத் தீவுகள், மொரிஷியஸ் என்று பல இடங்களிலிருந்தும் பெண்களை வரவழைத்தார்கள். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் மலேசியாவிலிருந்து மட்டும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் அதில் உண்டு. ஆண்களும் போனார்கள், குறிப்பாக மனநோய் மருத்துவமனைகளுக்கு. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. படிக்கும்போதே கையில் சம்பளம். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்று இங்கே கெடுபிடி வந்து, தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் திகைத்து நின்ற காலம் அது. சீமையிலிருந்து வந்த ஒரு கடிதம் அப்போது கடவுள் கொடுத்த வரம்போல இருந்திருக்கும்.

அந்தக் கடிதத்தில்தான் சூட்சுமம் இருந்தது. பிரிட்டனில் தாதிப் பயிற்சிக்கு இரண்டு கதவுகள். ஒன்று மூன்று வருடப் பயிற்சி, முடித்தால் எஸ்.ஆர்.என். என்ற பதிவு பெற்ற தாதி. இந்தப் பதிவேடு 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. இன்னொன்று இரண்டு வருடப் பயிற்சி, முடித்தால் எஸ்.இ.என். என்ற பட்டியல் தாதி. இது 1943ஆம் ஆண்டுச் சட்டத்தால் உதவித் தாதிகளுக்கென்று ஏற்பட்ட வேறொரு பட்டியல். 1961இல் பெயரிலிருந்த ‘உதவி’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். பெயரில்தான் எடுத்தார்களே தவிர, வேலையில் எடுக்கவில்லை.

முதல் கதவில் நுழைந்தவர் ‘ஸ்டூடன்ட் நர்ஸ்’. இரண்டாம் கதவில் நுழைந்தவர் ‘பியூப்பில் நர்ஸ்’. இந்த இரண்டு சொல்லையும் தமிழில் சொல்லிப் பாருங்கள், இரண்டும் மாணவிதான்! நம் பெண்ணுக்கோ, கடிதத்தைப் படித்துச் சொன்ன பள்ளிக்கூட வாத்தியாருக்கோ அதில் வித்தியாசம் தெரிய வழியில்லை. ஒரு வருடம் குறைவாகப் படித்தால் போதும் என்றால் நல்லதுதானே என்றுகூடத் தோன்றியிருக்கும். காலனி நாடுகளிலிருந்து போன பெண்களில் பலர், முதல் கதவுக்குத் தகுதி இருந்தும், இரண்டாம் கதவுக்கே திருப்பிவிடப்பட்டார்கள். இது ஏதோ புலம்பல் அல்ல, பிரிட்டனின் தாதியர் வரலாற்றை எழுதியவர்களே பதிவு செய்திருக்கும் செய்தி.

அதனால் என்ன என்கிறீர்களா? எஸ்.இ.என். தாதி வார்டில் ராப்பகலாக உழைக்கலாம். வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டராக முடியாது. அவளிடம் வேலை பழகிய சின்னப் பெண், மூன்று வருடப் பயிற்சியை முடித்த மறுநாள் அவளுக்கே மேலதிகாரி. ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்றால், அந்தப் பட்டியலைப் பல நாடுகள் முழுத் தாதிக்குச் சமமாக ஏற்றுக்கொள்ளவில்லை. சீமையில் படித்தவள் என்று ஊரெல்லாம் மாலை போடக் காத்திருக்க, வேலைக்குப் போன இடத்தில் ‘இது போதாதம்மா’ என்றால் அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபடும்! வெட்கப்பட்டுத் திரும்பாமலே அங்கேயே இருந்துவிட்டவர்களும் உண்டு. 1980களிலும் 90களிலும், நரை விழுந்த வயதில், அவர்களில் பலர் மறுபடியும் மாணவியாகி, மாற்றுப் பயிற்சி படித்து முதல் பதிவேட்டுக்கு ஏறினார்கள். 1990களின் தொடக்கத்தோடு அந்த இரண்டு வருடப் பயிற்சியே ஒழிந்தது. ஆனாலும் அங்குள்ள பதிவேட்டில் ‘இரண்டாம் நிலை’ என்ற பகுதி பழையவர்களுக்காக இன்னும் இருக்கிறது.

இன்றைய கதவு எப்படித் திறக்கிறது?

இப்போது பிரிட்டனில் தாதியர் பதிவேட்டை வைத்திருப்பது தாதியர், மருத்துவச்சியர் மன்றம். என்.எம்.சி. என்பார்கள். 2002இல் ஏற்பட்டது. இங்கே தாதிப் பயிற்சி முடித்து, நம் நாட்டுத் தாதியர் வாரியத்தில் பதிந்திருக்கும் உங்கள் மகள், விமானம் ஏறி இறங்கியதும் அங்கே தாதியாகிவிட மாட்டாள். முதலில் ஆங்கிலத் தேர்வு. ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5 வேண்டும். ஓ.இ.டி. என்று மருத்துவத் துறைக்கென்றே ஒரு தேர்வும் உண்டு. நோயாளியைப் பற்றி இன்னொரு மருத்துவமனைக்குக் கடிதம் எழுதச் சொல்வார்கள். வார்டில் வேலை பார்த்த பெண்ணுக்கு இது கொஞ்சம் கைவந்த விஷயம் என்பது என் அபிப்பிராயம். பிறகு கணினியில் ஒரு தேர்வு. மருந்துக் கணக்கு ஒரு பகுதி, தாதிமை அறிவு மறு பகுதி. இதை இங்கிருந்தே எழுதலாம்.

கடைசித் தேர்வுதான் பெரிய தேர்வு. ஆஸ்கி என்று சொல்கிறார்கள். இது பிரிட்டனுக்குப் போய்த்தான் செய்ய வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து பத்து நிலையங்கள். ஒவ்வொன்றிலும் நேரம் வைத்து, நோயாளியாக நடிக்கும் ஒருவரையோ பொம்மையையோ வைத்து, பரிசோதகர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும். நோயாளியை விசாரிப்பது, பராமரிப்புத் திட்டம் எழுதுவது, மருந்து கொடுப்பது, வேறு வார்டுக்கு ஒப்படைப்பது என்று நான்கு. ஊசி போடுவது, புண் கட்டுவது போன்ற கைவேலைகள் நான்கு. எழுதிக் காட்டுவது இரண்டு. இங்கே ஐந்து வருடம் ஊசி போட்ட கை அங்கே தடுமாறுவது ஊசியில் அல்ல. கை கழுவினேனா, என் பெயரைச் சொன்னேனா, கைப்பட்டையில் நோயாளியின் பெயரைச் சரிபார்த்தேனா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டேனா, தொடலாமா என்று அனுமதி கேட்டேனா? இந்தச் சின்னச் சின்னக் கேள்விகளில்தான் மதிப்பெண் போகிறது.

செலவையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். 2024ஆம் ஆண்டில் மன்றத்தின் கட்டணங்கள் இப்படி: தகுதி ஆராய 140 பவுன், கணினித் தேர்வுக்கு 83, ஆஸ்கிக்கு 794, பதிவுக்கு 153. கூட்டினால் 1,170 பவுன். ஒரு பவுனை ஐந்தரை வெள்ளியிலிருந்து ஆறு வெள்ளிவரை வைத்தால் ஏறக்குறைய 6,500இலிருந்து 7,000 வெள்ளி. 2025இல் நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆக நான்கு மாதச் சம்பளம். இதில் ஆங்கிலத் தேர்வும் விமானச் சீட்டும் சேரவில்லை. ஆஸ்கியில் சில நிலையங்கள் மட்டும் தவறினால் அவற்றை மறுபடி செய்ய 397 பவுன். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் ஆறு மாதம் காத்திருந்துதான் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல மருத்துவமனைகள் இந்தச் செலவுகளைத் தாங்களே ஏற்கின்றன அல்லது பிறகு திருப்பித் தருகின்றன. எது எதை ஏற்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடகுக்கடைக்கு நடப்பதற்கு முன்பு கேட்க வேண்டிய விஷயம் இது.

தேர்வு முடிந்து பதிவேட்டில் பெயர் ஏறினால் ‘பின்’ என்று ஒரு எண் தருவார்கள். அது வரும்வரை உங்கள் மகள் அங்கே சட்டப்படி தாதி அல்ல. தாதிக்குக் கீழ்ப்பட்ட படிநிலையில், குறைந்த சம்பளத்தில், ஒருவர் மேற்பார்வையில்தான் வேலை. விளம்பரத்தில் போட்ட சம்பளம் எண் வந்த பிறகு உள்ள சம்பளம். இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் 2025 ஏப்ரலிலிருந்து புதுத் தாதிக்கு, அதாவது ஐந்தாம் படிநிலைக்கு, ஆண்டுக்கு 31,049 பவுன். வெள்ளியில் பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் வரி, காப்புறுதி, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் போய் மாதம் கையில் நிற்பது ஏறக்குறைய 2,000 பவுன். வீட்டு வாடகை, மின்சாரம், பேருந்துச் செலவெல்லாம் பவுனில்தான் போகும், வெள்ளியில் அல்ல. லண்டன் பக்கம் வாடகை அந்தச் சம்பளத்தில் பெரும் பங்கை விழுங்கிவிடும். சின்ன ஊர் கிடைத்தால் வருத்தப்பட வேண்டாம். மிச்சம் பிடிக்கச் சின்ன ஊரே மேல்.

வார்டில் வாய் திறக்க வேண்டும்

தங்கையே, இது உனக்கு. அங்கே வயதான நோயாளி ஒருவர் உன்னைக் கூப்பிட்டு, ‘ஸ்பெண்ட் எ பென்னி’ போக வேண்டும் என்பார். காசைத் தேடாதே, கழிவறைக்குப் போக வேண்டும் என்கிறார். பொதுக் கழிவறையில் ஒரு பென்னி போட்டால்தான் கதவு திறக்கும் என்றிருந்த காலத்துப் பேச்சு அது. ‘புவர்லி’ என்றால் ஏழை என்றல்ல, உடம்பு முடியவில்லை என்று அர்த்தம். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் எட்டு வாங்கினாலும் இதெல்லாம் வார்டில்தான் கற்க முடியும். புரியாவிட்டால் புரிந்ததுபோலத் தலையாட்டாமல் இன்னொரு முறை சொல்லச் சொல். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தலையாட்டிவிட்டு வேறெதையோ செய்வதுதான் ஆபத்து.

இங்கே நோயாளிக்குக் கஞ்சி ஊட்டவும் உடம்பு துடைக்கவும் வீட்டார் வருகிறார்கள். அத்தையோ சித்தியோ யாராவது ஒருவர் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அங்கே பெரும்பாலும் அப்படி இல்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பல் துலக்கிவிடுவது எல்லாம் வார்டின் வேலை. உதவியாளர்கள் இருந்தாலும் ‘இது என் வேலையில்லை’ என்று தாதி நகர முடியாது. பேச ஆளில்லாமல் படுத்திருக்கும் கிழவர்களும் கிழவிகளும், குளிப்பாட்டும் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார்கள். தோட்டத்தில் பாட்டிக்குச் செய்து வளர்ந்த பெண்ணுக்கு இந்த வேலை கஷ்டமாக இருக்காது என்று நான் நம்புகிறேன்.

கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. நாம் பெண்பிள்ளைகளை எப்படி வளர்க்கிறோம்? பெரியவர்கள் முன்னால் குரலைத் தாழ்த்து, துரை வந்தால் ஒதுங்கி நில், டாக்டர் சொன்னால் சரி ஐயா என்று சொல். பிரிட்டன் வார்டுகளில் நியூஸ் என்று ஒரு மதிப்பெண் அட்டை இருக்கிறது. 2012இல் வந்தது, 2017இல் திருத்தினார்கள். மூச்சு, நாடி, இரத்த அழுத்தம், காய்ச்சல், உணர்வு எல்லாவற்றுக்கும் எண் போட்டுக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஒரு அளவைத் தாண்டினால் தாதி உடனே டாக்டரை அழைத்தாக வேண்டும். நள்ளிரவானாலும், டாக்டர் சிடுசிடுப்பானவரானாலும் சரி. டாக்டர் எழுதிய மருந்தின் அளவு தவறாகத் தெரிந்தால், ‘இது சரியா, மறுபடி பாருங்கள்’ என்று கேட்க வேண்டும். கேட்காமல் கொடுத்துவிட்டு, டாக்டர்தானே எழுதினார் என்றால் அங்கே ஏற்க மாட்டார்கள். மன்றத்தின் ஒழுக்க விதியே, நோயாளிக்கு ஆபத்து என்று கண்டால் குரல் கொடுப்பது தாதியின் கடமை என்கிறது. அமைதியான பெண் என்று ஊரில் வாங்கிய நல்ல பெயர் அங்கே ஒரு உயிரைப் பறித்துவிடலாம். பெற்றோர்களே, வீட்டில் அவள் எதிர்க்கேள்வி கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பழகட்டும்.

புதுக் கங்காணிகள்

நம் தாத்தா பாட்டிகளில் பலர் கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறியவர்கள். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்கட்டும் முறையை நிறுத்தியது. கடனோடு ஒரு நாட்டில் இறங்கினால் என்ன ஆகும் என்பது நம் குடும்பங்களுக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பிரிட்டனின் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை தேடித் தந்ததற்காக வேலைக்காரரிடம் முகவர் கட்டணம் வாங்கக் கூடாது. முதலாளியிடம்தான் வாங்க வேண்டும். வெளிநாட்டுச் சுகாதார ஊழியர்களை எடுப்பதற்கென்று அந்நாட்டரசு வெளியிட்டிருக்கும் நெறிமுறையும் அதையே சொல்கிறது. அதன்படி நடக்கும் முகவர்களின் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. இங்கே முகவர் நிலையம் நடத்த 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் உண்டா என்று தொழிலாளர் இலாகாவில் கேட்டால் தெரிந்துவிடும். இங்கிலாந்து மருத்துவமனை வேலைக்கு ‘இடம் பிடித்துத் தர’ என்று யாராவது பணம் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

அதைவிட மோசமானது பெயர் மாற்றிச் சொல்வது. ‘நர்சிங் ஹோமில் வேலை’ என்பார்கள். நர்சிங் ஹோம் என்பது முதியோர் இல்லம். அங்கே தாதியும் உண்டு. ‘கேர் வர்க்கர்’ எனப்படும் பராமரிப்பு ஊழியரும் உண்டு. ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். பராமரிப்பு ஊழியர் செய்வது நல்ல வேலைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்குத் தாதியர் பதிவேட்டில் இடமில்லை. உங்கள் மகளின் மூன்று வருடப் படிப்பு அங்கே கணக்கில் வராது. 2024 மார்ச் 11இலிருந்து, புதிதாக வரும் பராமரிப்பு ஊழியர்கள் கணவனையோ பிள்ளைகளையோ அழைத்துவரத் தடை வந்தது. 2025 ஜூலை 22இலிருந்து அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே அந்தத் தேதிக்குப் பிறகு இங்கிருக்கும் பெண்ணிடம் கேர் வர்க்கர் விசா வாங்கித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அவர் யாரென்று புரிந்துகொள்ளுங்கள். அன்று ‘ஸ்டூடன்ட்’, ‘பியூப்பில்’ குழப்பம். இன்று ‘நர்ஸ்’, ‘நர்சிங் ஹோம்’ குழப்பம்.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியையும் தேடுங்கள். இத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருக்கும். இது சட்டவிரோதமல்ல. ஆனால் எந்தெந்தச் செலவு, எவ்வளவு, மாதம் போகப் போக எவ்வளவு குறையும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெளிவாக இருக்க வேண்டும் என்று 2022இல் அந்த நெறிமுறையைத் திருத்தினார்கள். தொகை எழுதாமல் ‘செலவு முழுவதும்’ என்று மொட்டையாக இருந்தால் கையெழுத்து வேண்டாம். ஆஸ்கியில் தேறாவிட்டால் வேலையும் விசாவும் என்ன ஆகும், எத்தனை மாதக் கெடு என்பதும் அதே நேரத்தில் கேட்க வேண்டியது. கடப்பிதழை யாரிடமும் ‘பத்திரமாக வைத்திருங்கள்’ என்று கொடுக்கக் கூடாது.

பெயரில் வரும் வில்லங்கம்

இது சின்ன விஷயம்போலத் தெரியும். நம்மவர்களைப் படாதபாடு படுத்துவது இதுதான். பிறந்த பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் வேறொரு எழுத்து. அப்பாவின் பெயர் ஒரு தாளில் முழுப்பெயர், இன்னொரு தாளில் வீட்டுப்பெயர். பத்திரம் எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியது! உள்ளூரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெளிநாட்டு மன்றம் உங்கள் மகளின் பெயரைக் கடப்பிதழ், தாதியர் வாரியப் பதிவு, ஆங்கிலத் தேர்வு எல்லாவற்றிலும் ஒத்துப் பார்க்கும். பெயர் மாறினால் ஆள் மாறியது என்று நினைக்கும். அங்குள்ள விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ‘ஏ/பி’ என்பதை ‘ஏபி’ என்று பெயரோடு ஒட்டிவிடும் கணினியும் உண்டு. ஆகவே கடப்பிதழில் உள்ளபடியே எல்லாவற்றிலும் நிரப்பச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் தேசியப் பதிவு இலாகாவில் இப்போதே திருத்துங்கள். திருத்த முடியாததற்குச் சத்தியப் பிரமாணம் எடுத்து வையுங்கள். விசா வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

பக்கத்துக் கதவுகளும் உண்டு

எல்லாரும் சீமைக்கே போக வேண்டுமென்பதில்லை. ஜோகூர்க்காரர்களுக்குப் பாலம் தாண்டினால் சிங்கப்பூர். அங்கேயும் சிங்கப்பூர் தாதியர் வாரியத்தின் பதிவேடு உண்டு. நான் மேலே சொன்ன அந்த இரண்டு கதவுகள் அங்கே இன்றும் இருக்கின்றன. பதிவுத் தாதி ஒன்று, பட்டியல் தாதி ஒன்று. முதலில் அங்குள்ள மருத்துவமனை ஒன்று வேலை தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகுதான் வாரியத்தின் பதிவு. கடிதத்தில் எந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். சவுதி அரேபியாவுக்கும் நம் தாதிகள் நிறையப் பேர் போயிருக்கிறார்கள். அங்கே டிப்ளோமா படித்தவர் ‘டெக்னீஷியன்’ வகுப்பு, பட்டம் படித்தவர் ‘ஸ்பெஷலிஸ்ட்’ வகுப்பு. ஒரே வார்டு, ஒரே வேலை, இரண்டு சம்பளம். போகிற எண்ணம் இருந்தால் டிப்ளோமாவுக்குப் பிறகு பகுதி நேரமாகவாவது பட்டத்தை முடித்துவிடுவது லாபம்.

டாக்டருக்குப் படிக்க வெளிநாடு அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அங்கே கதை தலைகீழ். படிப்பு வெளியில், வேலை உள்ளே. 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தில் நம் நாடு ஏற்றுக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இல்லாத இடத்தில் படித்தவர் திரும்பி வந்தால் தனியாகத் தகுதித் தேர்வு எழுதித் தேறிய பிறகே பயிற்சி டாக்டர் ஆக முடியும். முதல் தவணை கட்டுவதற்கு முன்பு, ஏஜெண்டு காட்டும் தாளை நம்பாமல், மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலையே பாருங்கள்.

மகள் போய்விட்டாள் என்று வைத்துக்கொள்வோம். இங்குள்ள தாதியர் வாரியத்தின் பதிவை அவள் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து இங்கே வேலை பார்க்க வேண்டுமானால் ஆண்டுச் சான்றிதழ் வேண்டும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று போவதற்கு முன்பே வாரியத்தில் கேட்டு எழுதி வைக்கட்டும். பயிற்சிக் கல்லூரியின் மதிப்பெண் பட்டியல், வேலை அனுபவக் கடிதங்கள் எல்லாவற்றிலும் உறுதி செய்யப்பட்ட நகல் ஒரு கட்டு வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.

இன்னொன்று. பிரிட்டனின் தாதியர் பதிவேடு ஒளித்து வைத்த புத்தகமல்ல. இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். கடைசித் தேர்வு முடிந்ததாக மகள் சொன்ன சில வாரங்கள் கழித்து, சின்ன மகனைக் கூப்பிட்டு அக்காவின் பெயரைத் தட்டச் சொல்லுங்கள். பெயர், எந்தப் பகுதி, எந்தத் தேதிவரை செல்லும் என்று எல்லாம் திரையில் வரும்.